ஆராய்ச்சி மணியும் பதினைந்து கயிறுகளும்

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டம் ஒன்றில் நெடுங்காலம் கணக்கெழுதி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், தம் நினைவுகளை மூன்று நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்திருந்தார். அச்சேறும் வாய்ப்பில்லாத எழுத்து. ஏற்காட்டில் இருந்த நண்பர்கள் மூவர் அதைக் கணினியில் ஏற்றி, வெளிநாட்டில் இணைய இதழ் நடத்திவந்த நண்பருக்கு அனுப்புவதென்று 2003-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் முடிவு செய்தோம். யூனிகோடு வீடுகளுக்குள் இன்னும் சரியாக நுழையாத காலம். திஸ்கி குறியீட்டில் தட்டச்சு செய்தோம்.

எங்களிடம் இருந்தது 1997-இல் யாரோ பாகம் பாகமாகக் கோத்துச் சேர்த்த ஒரு பென்டியம் கணினி. சேலத்தில் பழைய விலைக்கு வாங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மடியில் வைத்துக் கடந்து மேலே கொண்டுவந்தோம். புதிய விண்டோஸைச் சுமக்கும் வலு அதற்கு இல்லை. ஆகவே பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டிலிருந்து லினக்ஸை நிறுவினோம். தட்டச்சு முடிந்தது. நெகிழ்வட்டில் ஏற்றிச் சேலத்து இணைய மையத்துக்கு இருமுறை கொண்டுபோனோம். இருமுறையும் வட்டைப் படிக்க முடியவில்லை. ஏற்காட்டு ஈரத்தில் வட்டுக்குப் பூஞ்சை பிடித்துவிடும். எஞ்சிய ஒரே வழி, கணினிக்குள் இருந்த மோடத்தைத் தொலைபேசிக் கம்பியில் இணைப்பதுதான்.

மோடம் எண்ணைச் சுழற்றியது, கீச்சிட்டது, மறுமுனையோடு கைகுலுக்கியது. பிறகு திரையில் பதினாறு எழுத்துகள் தோன்றின. நீண்ட மௌனம். மறுபடி பதினாறு எழுத்துகள். மறுபடி மௌனம். கூரை ஓட்டிலிருந்து சொட்டும் நீரைப் போல வந்த அந்த எழுத்துகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இணைப்பைத் துண்டித்தோம். "மலைக்கு மேல லைன் இப்படித்தான் சார் இருக்கும்" என்றார் பார்க்க வந்தவர். மூடுபனியைப் பழித்தோம், இடியைப் பழித்தோம். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது: கம்பியில் குற்றமில்லை, பனியிலும் குற்றமில்லை. பெட்டிக்குள் ஒருவர் மணியடித்துக்கொண்டே இருக்கிறார். கேட்க வேண்டியவர் வேறொரு வாசலில் காத்துக்கொண்டிருக்கிறார்.

வன்பொருள் குறுக்கீட்டுக் கோளாறு என்று இதற்குப் பெயர். இரண்டு கருவிகள் ஒரே கோட்டைப் பற்றிக்கொண்டால் குறுக்கீட்டு மோதல். ஒரு தலைமுறைக் கணினிப் பயனர்களை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்த இந்தச் சொல் இன்று ஏறத்தாழ மறந்துபோய்விட்டது. அதன் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றுகிறது. பத்துப் பதினைந்து கயிறுகளை எத்தனையோ பேர் பங்கிட்டுக்கொண்ட கதை அது.

மன்னனும் மணியும்

குறுக்கீடு என்பதை விளக்கத் தமிழ் வாசகருக்கு வெளியிலிருந்து உவமை தேட வேண்டியதில்லை. மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி போதும். சேக்கிழார் பெரியபுராணத்தில் திருவாரூரின் சிறப்பைக் கூறும்போது சொல்லும் கதை. பாண்டியன் அவையில் தன் ஊரை அறிமுகப்படுத்தும் கண்ணகியும் இதை நினைவுகூர்கிறாள். கன்றை இழந்த பசு கொம்பால் மணியை அசைக்கிறது. மன்னன் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வருகிறான்.

மணி இல்லாவிட்டால் மன்னனுக்கு ஒரே வழிதான் உண்டு. நாழிகைக்கு ஒருமுறை எழுந்துபோய் வாசலில் யாரேனும் நிற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் யாரும் இருக்கமாட்டார்கள், நடை வீண். அவன் திரும்பிய மறுகணமே ஒருவர் வந்தால் அடுத்த நாழிகைவரை அவர் நிற்க வேண்டும். தொடக்ககாலக் கணினிகள் இப்படித்தான் இயங்கின. அச்சுப்பொறி ஓய்ந்ததா, நாடா சுழன்று முடிந்ததா என்று மையச் செயலகம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தது. கணக்குப் போடும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் மிகுந்தது.

1950-களின் நடுப்பகுதியில் இந்நிலை மாறியது. அமெரிக்கத் தேசியத் தரநிலைக் கழகம் 1954-இல் உருவாக்கிய டைசியாக், உள்ளீட்டு வெளியீட்டுக் கருவிகள் மணியடித்து அழைக்கும் வசதி கொண்ட முதல் கணினிகளுள் ஒன்று. சிறிது பிந்தி வந்த யூனிவாக் 1103ஏ, காற்றுச் சுரங்கச் சோதனைகளின் அளவுகளை உடனுக்குடன் வாங்கிக்கொள்வதற்காக இவ்வசதியைப் பெற்றது. காற்றுச் சுரங்கம் யாருக்காகவும் காத்திருக்காதல்லவா?

நெதர்லாந்தில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இதைக் கண்டு அஞ்சினார். அவருடைய சகாக்களான லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் எலக்ட்ரோலாஜிகா எக்ஸ்1 கணினியில் குறுக்கீட்டைச் சேர்க்க விரும்பியபோது அவர் தயங்கினார். மணி எந்தக் கணத்தில் அடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே ஒரே நிரலை இருமுறை ஓட்டினால் இருமுறையும் ஒரே வரிசையில் நடக்கும் என்ற உறுதி போய்விடுகிறது. ஒரு பிழை இன்று வரும், நாளை வராது. எங்கே தேடுவது? கடைசியில் அவர் இசைந்தார். அக்கணினியோடு தொடர்புகொள்ளும் முறையைப் பற்றிய அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு 1959-இல் வெளிவந்தது. ஏற்காட்டில் எங்கள் மோடம் ஒருநாள் ஒருவிதமாகவும் மறுநாள் வேறுவிதமாகவும் நடந்துகொண்டபோது நாங்கள் பட்ட குழப்பம், அவர் முன்பே கண்டு அஞ்சிய குழப்பம்தான். அப்போது எங்களுக்கு அது தெரியாது.

எட்டுக் கயிறு, பிறகு பதினைந்து

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனிநபர் கணினியை வெளியிட்டது. அதில் மணிகளை ஆள இன்டெல்லின் 8259ஏ என்ற சிறு சில்லு வைக்கப்பட்டது. வாயிற்காவலன் என்று அதைச் சொல்லலாம். அவன் கையில் எட்டுக் கயிறுகள், பூஜ்யம் முதல் ஏழுவரை எண்ணிடப்பட்டவை. எந்தக் கயிறு அசைந்தது என்று பார்த்து மையச் செயலகத்திடம் எண்ணைச் சொல்வான். இரண்டு சேர்ந்து அசைந்தால் சிறிய எண்ணுக்கே முதலிடம். பூஜ்யம் நேரங்காட்டிக்கு, ஒன்று விசைப்பலகைக்கு.

எட்டுப் போதவில்லை. 1984-இல் வந்த ஏ.டி. வகைக் கணினியில் இன்னொரு காவலனை நியமித்தார்கள். அவன் கையிலும் எட்டுக் கயிறுகள். ஆனால் இரண்டாமவன் நேரே மன்னனிடம் போக முடியாது, முதல் காவலனின் இரண்டாம் எண் கயிற்றை இழுத்தே செய்தி சொல்ல வேண்டும். ஆகவே பதினாறில் ஒன்று கழிந்து பதினைந்து. இந்த ஏற்பாட்டால் ஒரு வேடிக்கையும் விளைந்தது: எட்டு முதல் பதினைந்துவரையுள்ள கயிறுகள் இரண்டாம் எண்ணின் வழியே வருவதால், மூன்றாம் நான்காம் எண்களைவிட அவற்றுக்கு முன்னுரிமை கிடைத்தது. பிற்பாடு வந்தவர்கள் வரிசையில் முந்திக்கொண்டார்கள்.

பதினைந்தில் பெரும்பகுதி பிறக்கும்போதே பட்டா போடப்பட்டவை. மூன்றும் நான்கும் தொடர்வழித் துறைகளுக்கு, ஆறு நெகிழ்வட்டுக்கு, ஏழு அச்சுப்பொறிக்கு, எட்டு கடிகாரத்துக்கு, பதின்மூன்று கணிதத் துணைச் செயலகத்துக்கு, பதினான்கு வன்வட்டுக்கு. பின்னாளில் பன்னிரண்டை மௌஸும் பதினைந்தை இரண்டாம் வட்டுத் தடமும் எடுத்துக்கொண்டன. ஐந்து, ஒன்பது, பத்து, பதினொன்று என்று புறம்போக்காகக் கிடந்தவை நான்குதான். பழைய சிறிய அட்டைகளுக்கு இரண்டாம் காவலனின் கயிறுகள் பெரும்பாலும் எட்டா. ஒலி அட்டை, வலையமைப்பு அட்டை, உள்மோடம் எல்லாம் அந்த ஐந்தைக் குறிவைத்தன, அல்லது மூன்றிலும் நான்கிலும் ஏற்கெனவே குடியிருந்தவர்களோடு மல்லுக்கு நின்றன.

ஒரே கயிற்றை இருவர் ஏன் பங்கிட்டுக்கொள்ள முடியாது? அக்காலத்து ஐ.எஸ்.ஏ. பாதையில் காவலன் கவனித்தது கயிறு அசையும் அந்த ஒரு கணத்தை மட்டும். ஒருவர் இழுத்துப் பிடித்திருக்கும்போது இன்னொருவர் இழுத்தால் புதிய அசைவு எதுவும் நிகழ்வதில்லை. இரண்டாமவரின் முறையீடு காற்றோடு போய்விடும். மின்னியல் முறையில் நிலைமை இன்னும் மோசம்: ஓர் அட்டை கோட்டை மேலே உயர்த்த முயலும்போது மற்றது கீழேயே அழுத்திப் பிடித்திருக்கும். இதில் தீயவர் யாரும் இல்லை. இருவரும் தத்தம் உரிமையையே செலுத்துகிறார்கள். ஆனால் வழக்கு மன்னனைச் சென்றடைவதில்லை.

அமெரிக்காவில் ஒரே நிறுவனம் கட்டிய பெட்டியை வாங்கியவர்களுக்கு இத்தொல்லை குறைவு. நம் ஊரிலோ கணினி என்பது பெரும்பாலும் சேர்த்துக் கோத்த பண்டம். சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவில் தாய்ப்பலகை ஒரு கடையில், ஒலி அட்டை மறு கடையில், மோடம் இன்னொரு கடையில் என்று விலை பேசி வாங்கிச் சேர்த்தவை. கையேடு பெரும்பாலும் உடன் வராது. அட்டையின் மேல் வரிசையாக நிற்கும் ஊசிகளில் ஜம்பர் என்ற சிறு தொப்பியை எந்த இரண்டின் மேல் மாட்டுகிறோமோ அதற்கேற்பக் கயிற்றின் எண் மாறும். எந்த ஊசி எந்த எண் என்பது அட்டையின் ஓரத்தில் எறும்பெழுத்தில் அச்சாகியிருந்தால் அதிர்ஷ்டம். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட பிறகு, அதுவரை இல்லாத ஒரு புதிய விருந்தாளியாக மோடம் வீட்டுக் கணினிகளுக்குள் வந்தது. இருந்த கயிறுகளுக்குள் அதற்கும் ஒன்று தேட வேண்டியதாயிற்று.

திறந்த ஏடு

1993-இல் இன்டெல்லும் மைக்ரோசாஃப்டும் முன்னின்று, செருகினால் தானே இயங்கும் முறைக்கு ஒரு விதித்தொகுப்பு வகுத்தன. விண்டோஸ் 95 அதைப் பரப்பியது. ஜம்பர்கள் மறைந்தன. அட்டைகள் தமக்கு எந்தெந்தக் கயிறுகள் ஒத்துவரும் என்று சொல்ல, இயங்குதளம் பார்த்துப் பங்கிடும் என்பது ஏற்பாடு. பங்கீடு சரியாக அமைந்தால் நன்று. அமையாவிட்டால் செருகிவிட்டுச் சாமி கும்பிட வேண்டியதுதான் என்று ஆங்கிலம் பேசுவோர் ஒரு சொல்விளையாட்டு வைத்திருந்தார்கள்.

லினக்ஸ் 1991-இல் தோன்றியது. அட்டை விற்ற நிறுவனங்கள் அதற்கென்று இயக்கிகள் எழுதித்தருவது அரிதாக இருந்தது. பயனர்களே கண்டுபிடித்து, பயனர்களே எழுதி, எப்படிச் செய்வது என்ற தலைப்பில் கையேடுகளாகத் தொகுத்துக் குறுந்தகடுகளில் சேர்த்தார்கள். தொடர்வழித் துறை, மோடம், செருகி இயக்கும் முறை ஆகியவற்றைப் பற்றி டேவிட் லாயர் பராமரித்த கையேடுகள் பொறுமைக்குப் பேர்போனவை. 1990-களின் பிற்பகுதியிலிருந்து பி.சி. குவெஸ்ட் இதழ் லினக்ஸ் குறுந்தகடுகளை வழங்கியது இந்தியாவில் பலருக்கு முதல் வாசல். இணையமே எட்டாத ஊர்களுக்கும் இக்கையேடுகள் தகட்டிலேறித் தபாலில் போய்ச் சேர்ந்தன.

அந்தக் கையேடுகளில் ஒன்றில்தான் எங்கள் பதினாறு எழுத்துகளுக்கு விளக்கம் கிடைத்தது. தொடர்வழித் துறையின் சில்லுக்குள் பதினாறு பைட்டு கொள்ளும் ஒரு சிறு தொட்டி உண்டு. அது நிரம்பிவரும்போது மணியடிக்கும். மணி கேட்டால் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, ஓடிவந்து அள்ளிக்கொள்ளும். கேட்காவிட்டால், எதற்கும் பார்ப்போமே என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை வந்து எட்டிப்பார்க்கும், இருப்பதை அள்ளும், போய்விடும். ஆகவே பதினாறு எழுத்துகளும் மௌனமும் மாறி மாறி வந்தால் கயிற்றின் எண் தவறென்று பொருள். மருத்துவர் நாடி பார்த்துச் சொல்வதைப் போல, நோயின் தாளத்தைக் கேட்டே பெயரைச் சொல்லியிருந்தார் அவர்.

உறுதி செய்துகொள்ள லினக்ஸ் ஒரு வசதி செய்திருந்தது. ப்ராக் என்ற அடைவில் இன்டரப்ட்ஸ் என்று ஒரு கோப்பு. வட்டில் எங்கும் எழுதப்படாத, கேட்கும் கணத்தில் கெர்னல் தன் கணக்கைப் பார்த்து எழுதிக்காட்டும் ஏடு அது. இடப்புறம் கயிற்றின் எண், அடுத்து அந்தக் கயிறு இதுவரை எத்தனை முறை அசைந்தது என்ற தொகை, வலப்புறம் அதற்கு உரியவரின் பெயர். பூஜ்யம் எண்ணில் நேரங்காட்டி: அன்றைய 2.4 கெர்னலில் விநாடிக்கு நூறுமுறை, வேளை தவறாத தோட்டத்து மணியைப் போல. ஒன்றில் விசைப்பலகை. நான்கில் எங்கள் தொடர்வழித் துறை. இணைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அந்த ஏட்டை மீண்டும் மீண்டும் திறந்து பார்த்தோம். நேரங்காட்டியின் தொகை பெருகியது, விசைப்பலகையின் தொகை பெருகியது. நான்காம் எண்ணின் தொகை அசையவில்லை. இரண்டு மாதமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த ஒற்றை வரி போதுமானதாக இருந்தது.

பெட்டியைத் திறந்து மோடத்தின் ஊசிகளைப் பார்த்தோம். ஜம்பர் ஐந்தில் இருந்தது. மூன்றாம் தொடர்வழித் துறை என்றால் நான்காம் கயிறுதான் என்று லினக்ஸ் மரபுப்படி எண்ணிக்கொண்டிருக்கிறது. அட்டையோ ஐந்தை இழுத்துக்கொண்டிருக்கிறது. செட்சீரியல் என்ற கட்டளையால் ஐந்து என்று சொல்லிக்கொடுத்தோம். எழுத்துகள் அருவியாக வந்தன. மகிழ்ச்சி ஒருநாள்தான். மறுநாள் ஒருவர் பாட்டுக் கேட்க விரும்ப, கருவி வேறொருவரிடம் இருக்கிறது என்று திரை சொன்னது. ஒலி அட்டையும் ஐந்திலேயே இருந்தது. பாட்டு ஒலித்தால் மோடம் திறக்காது, மோடம் இயங்கினால் பாட்டு வராது.

சரி, மரபையே மதிப்போம் என்று ஜம்பரை நான்குக்கு மாற்றினோம். அதுவரை மோடத்தை வெறும் எழுத்துத் திரையில்தான் சோதித்திருந்தோம். வரைகலைத் திரையைத் திறந்து இணைப்பைத் தொடங்கியதும் மௌஸின் அம்பு உறைந்து நின்றது. எங்கள் பழைய மௌஸ் முதல் தொடர்வழித் துறையில், நான்காம் கயிற்றில், எங்களுக்கும் முன்பிருந்தே குடியிருந்தது.

தீர்வு மிக எளிமையாக இருந்தது. இரண்டாம் தொடர்வழித் துறை பெட்டியின் பின்னால் எதுவும் செருகப்படாமல் சும்மா கிடந்தது. ஆனாலும் மூன்றாம் கயிறு அதன் பெயரில்தான் இருந்தது. பயாஸுக்குள் சென்று அத்துறையை முடக்கினோம். மோடத்தின் ஜம்பரை இரண்டாம் துறைக்கும் மூன்றாம் கயிற்றுக்கும் மாற்றினோம். அங்கேயே இன்னொரு கேள்வியும் இருந்தது: தானே பங்கிடத் தெரிந்த இயங்குதளம் நிறுவப்பட்டுள்ளதா? இல்லை என்று விடை சொல்லும்படி லினக்ஸ் கையேடுகள் அறிவுறுத்தின. ஆம் என்றால் பயாஸ் சில அட்டைகளைப் பங்கிடாமலே விட்டுவிடக்கூடும். இல்லை என்றோம். கணினியை மீண்டும் தொடங்கி ஏட்டைத் திறந்தோம். மூன்றாம் எண்ணுக்கு நேரே தொகை ஏறத் தொடங்கியது. அன்றிரவு பெரியவரின் முதல் நோட்டுப் புத்தகம் மலையிறங்கிக் கடல் கடந்து போயிற்று.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முதலாகத் தமிழ் எழுத்தை இணையத்தில் ஏற்றியவர்களுள் பலர் தம் வீட்டில் இருந்த கணினியையே நம்பியிருந்தார்கள். இலக்கியம் மின்னெழுத்தானதற்குப் பின்னால் இதுபோன்ற சில்லறைச் சண்டைகளும் இருந்தன. நூலின் முன்னுரையில் அவற்றுக்கு இடமில்லை.

இது உன்னுடையதா?

கயிறுகளைக் கூட்டிக்கொண்டே போவது ஒரு வழி. பகிரக் கற்றுக்கொள்வது இன்னொரு வழி. 1992-இல் வந்த பி.சி.ஐ. பாதை இரண்டாவதைத் தேர்ந்தது. இங்கே காவலன் அசைவைக் கவனிப்பதில்லை, கயிறு இழுபட்டிருக்கிறதா என்ற நிலையைக் கவனிக்கிறான். முறையீடு தீரும்வரை கருவி கயிற்றை விடாமல் பிடித்திருக்கும். இருவர் சேர்ந்து பிடித்தாலும் மின்னியலில் சண்டை எழாது. ஒருவர் வழக்குத் தீர்ந்து விலகிய பிறகும் கயிறு தளரவில்லை என்றால், இன்னொருவர் நிற்கிறார் என்று மன்னனுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் மணியடித்தது யார்? கெர்னல் அக்கயிற்றில் பெயர் பதிந்த இயக்கிகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறது: இது உன் கருவியா? இயக்கி தன் கருவியைப் பார்த்து, ஆம், கவனித்துவிட்டேன் என்றோ, இல்லை, என்னுடையதில்லை என்றோ உண்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு கயிற்றில் நால்வர் வாழ்வது இந்த ஒரு வாய்மையால்தான். லினக்ஸில் நெடுங்காலம் இவ்விடையைச் சொல்லவே வழியில்லாமல் இருந்தது. இயக்கி தன் வேலையைச் செய்துவிட்டு மௌனமாகத் திரும்பிவிடும். 2003 டிசம்பர் 17 அன்று வெளியான 2.6 கெர்னலில்தான் ஒவ்வோர் இயக்கியும் ஆம் அல்லது இல்லை என்று விடையளிப்பது விதியாயிற்று.

அதோடு ஒரு தண்டனையும் வந்தது. ஒரு கயிற்றில் ஒரு லட்சம் முறை மணி அடித்து, அவற்றுள் 99,900-க்கு மேற்பட்டவற்றுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை என்றால் கெர்னல் அக்கயிற்றையே அறுத்துவிடும். யாரும் பொருட்படுத்தவில்லை என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரியைப் பதிவேட்டில் எழுதிவைக்கும். 2000-களின் நடுவில் லினக்ஸ் நிறுவியவர்களுக்கு அந்த வரி நன்கு பழக்கம். தாய்ப்பலகை செய்தவர்கள் எந்த அட்டைக்கு எந்தக் கயிறு என்ற அட்டவணையைப் பிழையாக எழுதியிருந்தால், அறுபட்ட கயிற்றில் இருந்த குற்றமற்ற கருவிகளும் சேர்ந்து ஊமையாகிவிடும். அப்போது கையாண்ட வழிகளும் ஒருவகை விசாரணை முறைதான். முதலில் ஏட்டைப் பார், எந்த எண் கட்டுக்கடங்காமல் ஏறுகிறது, அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று குறித்துக்கொள். நோஏபிக் என்று தொடக்க வரியில் எழுதி, புதிய காவலனை விலக்கிப் பழைய இரண்டு காவலர்களையே வைத்துப் பார். இர்க்போல் என்று எழுதி, உரியவர் வராத மணிக்கு எல்லா இயக்கிகளையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல். அட்டையை வேறு பொந்துக்கு மாற்றிச் செருகு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. டைக்ஸ்ட்ரா அஞ்சிய திரும்ப நிகழாப் பிழையைப் பிடிக்க இதைவிட மேலான நெறி எதுவும் இன்றுவரை வந்துவிடவில்லை.

மணியே அடிக்காமல் மணி அடித்ததாகக் காவலன் சொல்வதும் உண்டு. கயிறு இழுபட்ட மறுகணமே தளர்ந்துவிட்டால், போய்ப் பார்க்கும்போது வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். 8259ஏ சில்லு அப்போது ஏழாம் எண்ணைச் சொல்லிவைக்கும். போலிக் குறுக்கீடு என்று லினக்ஸ் அதைக் குறித்துக்கொண்டு மேலே போகும். திருவாரூர் மணியும் காற்றில் எப்போதேனும் அசைந்திருக்காதா?

பஞ்சம் தீர்ந்தபின்

2000-களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் லினக்ஸ் ஆர்வலர்களின் அறைகளைத் தாண்டி அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வந்தது. சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அரசுப் பள்ளிக் கணினிகளிலும் லினக்ஸ் இடம்பெற்றது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரே மாதிரிக் கணினியை ஆயிரக்கணக்கில் வாங்கும்போது கயிறுகளின் பங்கீட்டை ஒருமுறை சரிபார்த்தால் போதும். பழைய பெட்டியை மடியில் வைத்து மலையேறியவர்களின் தொல்லை அம்மாணவர்களுக்கு வரவேண்டிய தேவை இருக்கவில்லை.

அதற்குள் பஞ்சமும் தீர்ந்திருந்தது. 1990-களிலேயே இன்டெல் 24 கயிறுகள் கொண்ட புதிய காவலனைக் கொண்டுவந்தது. பி.சி.ஐ. விதிகளின் பிற்பதிப்பில் கயிறே இல்லாத முறை ஒன்று சேர்ந்தது: கருவி மணியை அடிப்பதற்குப் பதிலாக, நினைவகத்தில் குறித்த ஓரிடத்தில் ஒரு சீட்டை எழுதிப்போடும். சீட்டுக்குப் பஞ்சமில்லை. இதன் வளர்ந்த வடிவத்தில் ஒரே கருவி 2,048 வகைச் சீட்டுகள்வரை போடலாம். இன்று பெரும்பாலான கருவிகள் இவ்வழியையே கைக்கொள்கின்றன. பகிரும் பேச்சே எழுவதில்லை, மோதலும் இல்லை.

இதில் குறைபட என்ன இருக்கிறது? ஜம்பர் தொப்பியை நகக்கண்ணில் பிடித்து ஊசியில் மாட்டிய இரவுகளை நான் மீண்டும் விரும்பவில்லை. ஆனால் அந்த ஏடு திறந்திருந்தது என்பதை மறக்கவும் முடியவில்லை. பொறியியல் படிக்காத மூவர், ஒரு மலையூரில், கையேடு ஒன்றை வைத்துக்கொண்டு, தங்கள் கணினிக்குள் யார் யாரை அழைக்கிறார்கள், யாருடைய அழைப்பு கேட்கப்படவில்லை என்பதைத் தாங்களே வாசித்தறிய முடிந்தது. லைன் இப்படித்தான் இருக்கும் என்ற வாக்கை நம்பி விட்டிருந்தால் மூன்று நோட்டுப் புத்தகங்களும் ஓர் அலமாரியில் பூஞ்சை பிடித்திருக்கும்.

அந்த ஏடு இன்றும் இருக்கிறது. என் இப்போதைய மடிக்கணினியிலும் லினக்ஸ்தான். இதை எழுதுமுன் பழைய வழக்கத்தில் ஏட்டைத் திறந்து பார்த்தேன். பல பத்திகள், பெரும்பாலும் சீட்டுப்போடும் கருவிகளின் நீண்ட பெயர்கள். மேலே, ஒன்றாம் எண்ணுக்கு நேராக, 1981-இல் பட்டா பெற்ற அதே இடத்தில் விசைப்பலகை உட்கார்ந்திருக்கிறது. ஒரு விசையை அழுத்தினால் ஒரு மணி, விரலை எடுத்தால் இன்னொரு மணி. தமிழ்99 முறையில் அ என்று எழுத இரண்டு, கொ என்று எழுத நான்கு. இக்கட்டுரையின் ஒவ்வோர் எழுத்தும் அந்தக் கயிற்றை அசைத்தே உள்ளே வந்திருக்கிறது.